விரிசல் கண்ட கம்பு

சிலம்பத்தைப் போற்றி எழுதப்படும் கட்டுரைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. ஐயாயிரம் ஆண்டுப் பழமை, அகத்தியர் அருளியது, போதிதருமர் வழியே சீனத்துக்கும் அங்கிருந்து ஜப்பானுக்கும் போனது என்று அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. 2011இல் 'ஏழாம் அறிவு' திரைப்படம் வந்தபின் கடைசிக் கூற்று வரலாறாகவே ஆகிவிட்டது. இந்தக் கட்டுரை அந்த வரிசையில் இன்னொன்றாகச் சேர்வதற்காக எழுதப்படவில்லை. சிலம்பத்தின் பழமையைப் பற்றி எங்களுக்குச் சொல்வதற்கு அதிகமில்லை. அதன் கம்பைப் பற்றிச் சொல்வதற்குச் சில உண்டு. அந்தக் கம்பைப் புரிந்துகொள்ள ஜப்பானியரின் மரவாளையும் மூங்கில் வாளையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சி.

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எங்களிடம் இளங்கலைத் தமிழ் பயின்றார். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவை அப்பகுதியினர் அறிவர். ஊர்ச் சாமிகள் ஆற்றுக்கு வந்து தீர்த்தமாடும் நாள். ஊர்வலத்தின் முன்னால் சிலம்பம் ஆடிச் செல்வது பல ஊர்களில் வழக்கம். அவ்வாறு ஆடிய குழுவில் அவரும் ஒருவர். எதிரில் ஆடியவரின் கம்பு மோதிய வேகத்தில் நீளவாக்கில் பிளந்தது. மூங்கிற் சிம்பு ஒன்று பறந்து அவருடைய இடக்கண்ணில் தைத்தது. பார்வை திரும்பவில்லை. யார்மீதும் குற்றம் சொல்ல அவருடைய குடும்பத்தார் விரும்பவில்லை; "சாமி காரியத்தில் நடந்தது" என்று முடித்துக்கொண்டனர். சில மாதங்கள் கழித்து வகுப்புக்கு வந்தவர் எங்களிடம் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் மறக்கவில்லை.

"விரிசல் இருந்தது ஐயா. பார்த்தேன். ஆனா எந்தக் கம்பைத் தூக்கிப் போடணும்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல."

ஐயாயிரம் ஆண்டுப் பழமை பேசும் ஒரு கலையில், எந்தக் கம்பு ஆகாது என்பதை ஒரு மாணவனுக்குச் சொல்லித் தர ஆளில்லை. இந்த முரணே இக்கட்டுரைக்குக் காரணம்.

*

வில்லியனூருக்கும் ஆரோவில்லுக்கும் இடையே இருபது கிலோமீட்டர் தொலைவுகூட இராது. 1968இல் தொடங்கப்பட்ட அந்நகரில் அய்கிடோ என்னும் ஜப்பானியக் கலை பயிற்றுவிக்கப்படுகிறது. அதில் வெறுங்கைப் பயிற்சியோடு பொக்கென் எனப்படும் மரவாளும், ஜோ எனப்படும் குறுந்தடியும் உண்டு. ஜோவின் நீளம் ஏறத்தாழ 128 செ.மீ. நம் ஊர்ச் சிலம்பக் கம்பு ஆடுபவரின் நெற்றி உயரம் அல்லது புருவ உயரம் என்பதால் ஜோவைவிடச் சற்று நீண்டது. ஆக, ஒரே வட்டாரத்து வெயிலில், ஒரே செம்மண் புழுதியில், இரு வேறு நாடுகளின் மரக்கருவிகள் சுழன்றுகொண்டிருக்கின்றன.

அங்கே ஒருமுறை பயிற்சியைப் பார்க்க வாய்த்தது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பயிற்சி தொடங்குமுன் தன் மரவாளை முனையிலிருந்து பிடிவரை விரலால் தடவிப் பார்த்தாள். சிராய் எழும்பியிருக்கிறதா, எங்கேனும் பிளவு ஓடியிருக்கிறதா என்று அவள் தேடினாள். யாரும் அவளைப் பார்க்கச் சொல்லவில்லை. காலில் செருப்பைக் கழற்றுவதுபோல அதுவும் அவளுக்கு ஒரு பழக்கம். பாகூர் மாணவரின் வாக்கியம் அப்போதுதான் எங்களுக்கு முழுமையாகப் புரிந்தது.

மரவாளின் கதை சுவையானது. பொக்கென் பெரும்பாலும் கருவாலி இன மரங்களில் செய்யப்படுகிறது. சிவப்புக் கருவாலி, வெள்ளைக் கருவாலி என இரு வகையையும் பயன்படுத்துகிறார்கள். நீளம் ஏறத்தாழ 102 செ.மீ. உருவத்தில் கத்தானா என்னும் ஜப்பானிய வாளின் வளைவை அப்படியே கொண்டது. இன்று ஜப்பானில் செய்யப்படும் மரவாள்களில் பெரும்பகுதி மியாசாக்கி மாநிலத்து மியாகோனோஜோ என்னும் ஓர் ஊரிலிருந்து வருகிறது. மரவாள் விளையாட்டுப் பொருளன்று. தலையில் விழுந்தால் மண்டை உடையும். 1612இல் கன்ரியூ தீவில் மியாமோதோ முசாஷி, சசாக்கி கோஜிரோவைக் கொன்றது துடுப்பைச் செதுக்கிச் செய்த மரவாளால்தான் என்று ஜப்பானிய மரபுக்கதை சொல்கிறது.

மரவாளின் சிக்கலும் இதுதான். கொல்லக்கூடிய கருவியைக் கொண்டு முழு வேகத்தில் பழக இயலாது. அதனால் பழைய பள்ளிகளில் பயிற்சி என்பது முன்பே வகுக்கப்பட்ட அசைவுகளின் வரிசையாக இருந்தது. ஒருவர் வெட்ட, மற்றவர் தடுக்க, வாள் உடலுக்கு ஒரு விரற்கடை முன்னே நிற்கும். 15ஆம் நூற்றாண்டில் தோன்றியதாகக் கூறப்படும் கத்தோரி ஷின்தோ பள்ளி இன்றும் அவ்வாறுதான் பயிற்றுகிறது. 1960இல் சிபா மாநிலம் அப்பள்ளியின் மரபைத் தன் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

உண்மையாகவே அடித்துப் பழகவும் வேண்டும், அடிபட்டவன் வீடு திரும்பவும் வேண்டும். இதற்கு விடையாக 16ஆம் நூற்றாண்டில் கமியிசூமி நொபுத்சுனா என்னும் ஆசான் பிளந்த மூங்கிலைத் தோலுறையில் இட்டுப் பயன்படுத்தினார் என்பர். 18ஆம் நூற்றாண்டில் நாகானுமா குனிசாதோ, நகானிஷி சூசோ போன்றோர் தலைக்கவசமும் கையுறையும் மார்புக் காப்பும் சேர்த்து அதைச் செம்மைப்படுத்தினர். இன்று ஷினாய் எனப்படும் மூங்கில் வாள் அந்த வழியில் வந்தது. 'வளைதல்' என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது.

ஷினாயின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நான்கு மூங்கிற் பட்டைகள். முனையில் ஒரு தோற்குல்லாய். பிடியில் ஒரு தோலுறை. இரண்டையும் இழுத்துக் கட்டும் ஒரு நாண். நடுவில் பட்டைகள் விரியாதபடி ஒரு தோல்வார். ஆணியில்லை, பசையில்லை. முழுவதையும் அவிழ்க்கலாம், பட்டைகளைத் தேய்த்து எண்ணெயிடலாம், ஒரு பட்டை கெட்டால் அதை மட்டும் மாற்றிக் கட்டலாம். தன்னைச் சோதித்துப் பார்க்கும்படி பயில்பவனை அழைக்கும் கருவி இது. வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப அளவுகள் உண்டு. வயது வந்தோரின் ஷினாய் 120 செ.மீ.க்கு மேற்படக்கூடாது, ஆண்களுக்குக் குறைந்தது 510 கிராம், பெண்களுக்கு 440 கிராம் எடை இருக்கவேண்டும். போட்டிக்கு முன் ஒவ்வொரு ஷினாயும் சோதிக்கப்படும். பிளவு கண்டது களத்துக்குள் நுழையாது. பிளந்த பட்டை தலைக்கவசத்தின் கம்பிகளுக்கிடையே புகுந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் பட்டறிந்திருக்கிறார்கள்.

*

நம்மிடம் இவையெல்லாம் இருந்ததில்லையா? இருந்தன. அதுவே வருத்தத்துக்குரியது.

வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எண்பதை நெருங்கும் ஆசான் ஒருவரைச் சந்தித்தோம். அவர் நிலமில்லாத உழவர். நெல்லறுப்பு முடிந்தபின் களத்துமேட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இளைஞர்களுக்குக் கம்பு கற்பித்தவர். கம்பைத் தாண்டக்கூடாது, காலால் தள்ளக்கூடாது, தொட்டுக் கும்பிடாமல் எடுக்கக்கூடாது என்பவை அவருடைய முதற்பாடங்கள். அவற்றை வெறும் சடங்கு என்றுதான் முதலில் நினைத்தோம். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டபின் அந்த எண்ணம் மாறியது.

மூங்கில் முற்றியிருக்கவேண்டும், கணுக்கள் நெருங்கியிருக்கவேண்டும். வெட்டியதும் வெயிலில் போடலாகாது, நிழலில் உலர்த்தவேண்டும். கோணலை அனலில் வாட்டி நிமிர்த்தவேண்டும். எண்ணெய் தடவி ஊறவைக்கவேண்டும். இரு முனைகளும் விரியாதபடி பூண் இடவேண்டும். இவ்வளவும் செய்த கம்பையும் ஒவ்வொரு நாளும் ஆடுமுன் சோதிக்கவேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த முறை எளியது. கம்பைத் தளர்வாகப் பிடித்து, அதன் முனையைக் கருங்கல்லில் தட்டுவார். நல்ல கம்பு 'கிண்' என்று பேசும். விரிசல் உள்ளது 'சொத்' என்று அடங்கும். விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும் என்றார் அவர். அவர் தள்ளிவைத்த கம்பு அடுப்புக்குப் போகும். பிள்ளைகள் எடுத்து ஆடிவிடக்கூடாது என்பதால் அன்றே போகும்.

சிலம்புதல் என்றால் ஒலித்தல். கம்பு காற்றைக் கிழிக்கும் ஓசையால் சிலம்பம் என்று பெயர் வந்தது என்று வகுப்பில் சொல்லிவருகிறோம். மலைக்கும் சிலம்பு என்று பெயர் உண்டு. எதிரொலிக்கும் இடம் என்பதால் அப்பெயர் என்பர். காலணிக்கும் பறவையின் குரலுக்கும் அச்சொல் பொருந்துவதை இலக்கியத்தில் காண்கிறோம். ஆனால் கம்பு தன் உடல்நிலையைத் தானே ஒலித்துச் சொல்லும் என்பதை எந்த அகராதியும் எங்களுக்குச் சொல்லவில்லை. எழுத்தறியாத ஓர் உழவர் சொன்னார்.

இந்த அறிவு எங்கும் எழுதப்படவில்லை. அவருடைய மாணவர்களில் இருவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள்; ஒருவர் ஓட்டுநர்; ஒருவர் இன்னும் ஆடுகிறார், ஆனால் கம்பைக் கடையில் வாங்குகிறார். கடைக் கம்பைக் கல்லில் தட்டிப் பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

*

பழம்பெருமை பேசும் நம் வழக்கத்துக்கும் இந்த இழப்புக்கும் தொடர்பு உண்டு என்று கருதுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. சிலப்பதிகாரத்தில் சிலம்பக் கம்புகள் யவன வணிகருக்கு விற்கப்பட்ட செய்தி இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். தமிழ் கற்பிப்பவர்கள் என்ற முறையில் தேடிப் பார்த்தோம். மதுரைக் கடைவீதிகளில் மெய்க்கவசமும் யானைத் தோட்டியும் தோலாற் செய்த காப்பும் கிடுகும் இருந்ததை ஊர்காண் காதை வரிசைப்படுத்துகிறது. அது அருமையான பட்டியல். சிலம்பம் ஆடும் கம்பு என்று கொள்ளத்தக்கது எதுவும் அதில் இல்லை. இந்திரவிழவூரெடுத்த காதையின் மருவூர்ப்பாக்கத்திலும் இல்லை. அந்தக் காப்பியத்தின் பெயரிலுள்ள சிலம்பு கண்ணகியின் காலணி. போதிதருமர் கதையும் இத்தகையதே. ஷாவோலின் உடற்பயிற்சிகளை அவரோடு இணைக்கும் யிஜின்ஜிங் என்னும் நூல் 17ஆம் நூற்றாண்டினது; அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டது.

இதனால் சிலம்பம் பழமையற்றது என்று சொல்லவரவில்லை. மரம் மண்ணில் மக்கிப்போகும். வாள் தாங்கி நிற்கும் வீரனின் நடுகற்கள் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஏராளம். அந்த வீரன் சிறுவனாக இருந்தபோது எந்தக் கழியைக் கொண்டு வாள் பழகினான் என்பதைக் கல் சொல்லாது. பயிற்சிக் கருவியின் விதி அது. வாள் அரும்பொருட்காட்சியகத்துக்குப் போகும். பழகிய கழி அடுப்புக்குப் போகும். ஆதலால் பயிற்சிக் கருவிக்கு ஒரே காப்பகம் அதைப் பயன்படுத்தும் மனிதரின் நினைவுதான். அந்த மனிதரிடம் போய் உட்கார வேண்டிய நேரத்தில், இல்லாத யவனருக்கு இல்லாத கம்பை விற்றுக்கொண்டிருக்கிறோம். பழமை நிறுவப்பட்டுவிட்டால் போதும், மீதி தானே நடக்கும் என்ற நிம்மதி நமக்கு வந்துவிடுகிறது. மாணவனின் கண் போனபின்பும் அந்த நிம்மதி கலையவில்லை.

பயிற்சி ஆயுதத்தை மதித்தவர்கள் ஜப்பானியர் மட்டுமல்லர். பஞ்சாபின் கத்கா என்னும் கலைக்கு அப்பெயரே பயிற்சிக் கழியிலிருந்து வந்தது. வாளுக்குப் பதிலாக ஏந்திய கழியே கலையின் பெயராயிற்று. புதுவை ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயைச் சூழ்ந்துள்ள மலபாரில், களரிப்பயிற்றின் மாணவன் மெய்ப்பயிற்சிக்குப் பின் கோல்தாரி என்னும் மரக்கருவிகளின் நிலையைக் கடந்தே அங்கத்தாரி என்னும் உலோக ஆயுதங்களைத் தொடமுடியும். மாஹேக்கு அருகிலுள்ள வடகரையில் களரி கற்பித்த மீனாட்சி அம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது; எழுபது வயதைக் கடந்தபின்பும் கழியோடு களத்தில் நின்றவர் அவர். நம்மை நெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சுக்காரர்களும் கைத்தடிச் சண்டையை விதிகளுள்ள விளையாட்டாக்கி 1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டமாக நிகழ்த்தினர். 1904 ஒலிம்பிக்கில் ஆங்கிலேயரின் ஒற்றைக்கழிச் சண்டை இடம்பெற்றது. கூரற்ற கருவியைக் கொண்டு கூரியதைக் கற்பது உலகெங்கும் மனிதர் கண்டறிந்த நாகரிகம். நண்பனை அடித்துப் பழகி, அவனோடு ஒன்றாய் நடந்து வீடு திரும்பும் ஏற்பாடு அது.

*

இங்கே ஒரு மறுப்பு எழும். அளவு, எடை, சோதனை, விதி என்று போனால் கலை செத்து விளையாட்டாகிவிடாதா? துடுக்காண்டம், குறவஞ்சி, மறக்காணம், போர்ச்சிலம்பம் என்று ஊருக்கொரு முறையாக இருப்பதை ஒரே அச்சில் வார்த்துவிடமாட்டார்களா? நியாயமான அச்சம்தான். ஜப்பானின் அனுபவமே இதற்குச் சான்று.

1876இல் மக்கள் வாள் அணிவது அங்கே தடைசெய்யப்பட்டது. 1895இல் கியோத்தோவில் தொடங்கப்பட்ட பெரும் போர்க்கலைச் சங்கம் பல பள்ளிகளை ஒன்றிணைத்தது. பின்னர் வாட்பயிற்சி பள்ளிக்கூடப் பாடமானது. 1930களில் படைவெறிக்குத் துணைபோனது. அதனாலேயே 1945க்குப் பின் நேசநாடுகளின் ஆட்சி அதை முடக்கியது. 1952இல் அனைத்து ஜப்பான் கெந்தோ கூட்டமைப்பு உருவானபோதுதான் அது விளையாட்டு வடிவில் மீண்டது. வீரக்கலையைப் பெருமிதத்துக்கு மட்டும் பயன்படுத்தினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் இது பாடம். சாதிப் பூசலில் முதலில் வெளியே வருவது எது என்பதை நம் ஊர்க்காரர்களும் அறிவார்கள்.

மீண்டபின்னும் ஒரு குறை எஞ்சியது. ஷினாய் நேரானது, உருண்டையானது. வாளுக்கு உள்ளதுபோல் வெட்டும் விளிம்பு அதன் உருவத்தில் இல்லை. மணிக்கட்டைச் சொடுக்கித் தொட்டுப் புள்ளி வாங்கப் பழகிய இளைஞர்கள் தாம் ஏந்துவது வாளின் பதிலி என்பதையே மறந்தனர். இதை அந்த நாட்டு ஆசான்மாரே உணர்ந்தனர். 1912இல் வகுக்கப்பட்ட மரவாள் வரிசைகளைத் தரத்தேர்வில் கைவிடாமல் வைத்திருந்ததோடு, தொடக்கநிலையினர் மரவாளைக் கொண்டு அடிப்படை அடிகளைக் கற்பதற்கான ஒரு முறையை 2003இல் புதிதாகவும் வகுத்தனர். விதிகள் ஒரு பக்கம் கலையைக் குறுக்கின. எழுதிவைக்கும் பழக்கம் இன்னொரு பக்கம் அந்தக் குறுக்கத்தைக் கண்டுபிடித்துத் திருத்த உதவியது. எழுதாமலே குறுகிக்கொண்டிருக்கும் நமக்கு இந்த இரண்டாம் வசதி இல்லை.

சிலம்பமும் இப்போது விளையாட்டாகிக்கொண்டிருக்கிறது என்பதை மறைக்கவேண்டியதில்லை. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் அது காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. பாகூரிலும் வில்லியனூரிலும் மாலைநேரங்களில் பெண்பிள்ளைகள் கம்பு சுழற்றுவதை இன்று காண்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் இது கற்பனைக்கும் எட்டாதது. கோயில் முதல்மரியாதையோடும் சாதியோடும் பிணைந்திருந்த ஒரு கலை பள்ளிச் சீருடைக்குள் வந்திருக்கிறது. இதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் வந்திருப்பது பாதிதான். சான்றிதழும் கோப்பையும் வந்துவிட்டன. கல்லில் தட்டிப் பார்க்கும் காது வரவில்லை. எதிராளியின் உடலில் கம்புமுனை தொட்டால் புள்ளி என்னும் கணக்கு எல்லாருக்கும் தெரிகிறது. பழைய களத்தில் முனையில் சாம்பலோ சாயமோ பூசி ஆடியதும் இதற்குத்தான். அடிக்காமல் தொடுவதே திறன் என்பதற்குத்தான். அந்த நயம் புள்ளிக் கணக்கில் சேர்வதில்லை.

*

எனவே என்ன செய்யலாம்? பெரிய கோரிக்கைகள் எதுவும் எங்களிடம் இல்லை.

ஒன்று, தலைக்காப்பும் கண்காப்பும். ஊர்வலத்தில் தலைக்கவசம் அணிந்தால் அழகு கெடும் என்பார்கள். கெடட்டும். குறைந்தது பயிற்சியிலும் சிறுவர் ஆட்டத்திலுமாவது இது கட்டாயமாகவேண்டும். மோதிப் பழகும் ஆட்டத்துக்கு நீளச் சிம்பாகப் பிளக்கும் மூங்கிலைவிட, நாராகப் பிரியும் பிரம்பு நல்லது என்று பயிற்சியாளர் பலர் ஏற்கெனவே அறிவர். அதை விதியாக்கவேண்டும்.

இரண்டு, கம்புச் சோதனை. எந்த ஆட்டமாயினும், திருவிழாவாயினும் போட்டியாயினும், தொடங்குமுன் ஒருவர் எல்லாக் கம்புகளையும் வாங்கித் தட்டிப் பார்த்துத் தள்ளவேண்டியதைத் தள்ளவேண்டும். கொம்யூன் அலுவலகத்தின் ஆணை இதற்குத் தேவையில்லை. விழாக் குழுவினர் ஒரு நாற்காலியும் ஒரு கருங்கல்லும் போட்டால் போதும். அந்த நாற்காலியில் ஊரின் முதிய ஆசானை உட்காரவைக்கலாம். பொன்னாடை போர்த்துவதைவிட அது அவருக்குச் சிறந்த மரியாதை.

மூன்று, எழுதிவைத்தல். இது எம்மைப் போன்றோரின் கடமை, தவறியவர்களும் நாங்களே. புதுவை பிரெஞ்சு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓலையில் இருந்ததால் அவை பிழைத்தன. பாகூர் செப்பேடும் அவ்வாறே. நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைச் செம்பு சொல்வதால் அறிகிறோம். அதே பாகூரில் ஓர் ஆசான் எத்தனை காலடி வரிசை கற்பித்தார், அவற்றுக்கு என்ன பெயர், எந்தக் காட்டு மூங்கிலை எந்த மாதத்தில் வெட்டினார் என்பதை எந்தச் செம்பும் சொல்லப்போவதில்லை. ஆண்டுதோறும் எங்கள் துறைகளில் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. ஒரே நாவலைப் பற்றிப் பத்து ஏடுகள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையேனும் ஒரு மாணவர் களத்துமேட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது. அவ்வாறு எழுதச் சொல்லி எந்த மாணவரையும் நாங்கள் அனுப்பவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

பெயர்களும் முக்கியம். ஜப்பானியச் சொல் ஒவ்வொன்றும் உலகெங்கும் ஒரே வடிவில் வழங்குகிறது. ஷினாயின் நடுவில் கட்டும் சிறு தோல்வாருக்குக்கூடப் பெயர் உண்டு. அதைப் பாரிசிலும் ஆரோவில்லிலும் அப்பெயராலேயே கேட்டு வாங்கலாம். நம் கம்பின் பூணுக்கும் பிடிக்கும் முனைக்கும் வில்லியனூரில் ஒரு சொல், பாகூரில் ஒரு சொல், மதுரையில் ஒரு சொல். இப்பன்மை அழகுதான், எழுதிவைத்தால் மட்டுமே அது பன்மை. இல்லையேல் மூன்றும் போய்ப் போட்டி விதிப்புத்தகத்தின் ஆங்கிலச் சொல் ஒன்று மட்டும் மிஞ்சும்.

*

அந்த மாணவர் படிப்பை முடித்துவிட்டார். இப்போது தம் ஊரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே மாலையில் சிறுவர்களுக்குக் கம்பு கற்பிக்கிறார். ஒரு கண்ணை எடுத்துக்கொண்ட கலையை விட்டு அவர் ஏன் விலகவில்லை என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அவரை வில்லியனூர் ஆசானிடம் அழைத்துச் சென்றோம். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆசான் தம் வீட்டுத் திண்ணையோரம் சாத்தியிருந்த இரண்டு கம்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லில் தட்டினார்.

"எது ஆகாது, சொல்லு தம்பி."

அவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் தட்டச் சொன்னார். மூன்றாம் முறை தட்டியபின் இடப்பக்கத்துக் கம்பைச் சுட்டினார். ஆசான் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கம்பை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்து, அடுப்பங்கரைப் பக்கம் போட்டார்.

அந்த மாலைக்குப்பின் அவரிடம் பயிலும் சிறுவர்கள் ஆடுமுன் ஒரு கல்லைச் சுற்றிக் குந்துகிறார்கள். பன்னிரண்டு பேர். பன்னிரண்டு கம்புகளும் ஒவ்வொன்றாகத் தட்டப்படும்போது ஒருவரும் பேசுவதில்லை.